கூட்டாளிமாரும் சனமும்

"கூட்டாளிமார்தான் பிள்ளையைக் கெடுக்கினம்" என்பது லண்டன் தமிழ் வீடுகளில் பழகிப்போன தீர்ப்பு. வெம்பிளியிலோ ஈஸ்ட் ஹாமிலோ பதின்மூன்று வயதுப் பிள்ளை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வரமாட்டேன் என்றால், முதல் பழி நண்பர்கள் மேல்தான். அதே நகரில் நடந்த ஆய்வுகள் இந்தத் தீர்ப்பைப் பாதிதான் ஏற்கின்றன.

ஏற்கும் பாதி உளவியலிலிருந்து வருகிறது. லிசா நோல், சாரா ஜெய்ன் பிளேக்மோர் உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த 563 பேரிடம், சிவப்பு விளக்கில் தெருவைக் கடப்பது போன்ற காரியங்கள் எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடச் சொன்னார்கள். எட்டு வயதுச் சிறுவர் முதல் ஐம்பத்தொன்பது வயதினர்வரை அதில் இருந்தார்கள். பிறகு "பெரியவர்கள் போட்ட மதிப்பு", "பதின்வயதினர் போட்ட மதிப்பு" என்று ஏதோ ஓர் எண்ணைக் காட்டி மறுபடி கேட்டார்கள். உண்மையில் அதை யாரும் போடவில்லை; கணினி எழுந்தமானமாகக் கொடுத்தது. எல்லா வயதினரும் தங்கள் மதிப்பை அந்த எண்ணை நோக்கி நகர்த்தினார்கள். ஆனால் பெரியவர்களின் பேச்சைவிடப் பதின்வயதினரின் பேச்சுக்கு அதிகம் வளைந்தவர்கள் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள் மட்டுமே.

மொழியியல் பக்கம் போனால் கதை வேறு. ரோஜர் ஹியூவிட் 1986இல் தென் லண்டனின் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளின் நட்பையும் பேச்சையும் எழுதினார். ராக்ஸி ஹாரிஸ் 2006இல் மேற்கு லண்டனில், பெரும்பாலும் பஞ்சாபிப் பெற்றோரின் பிள்ளைகளுடைய மொழிப் பழக்கத்தைப் பற்றி எழுதினார். ஜென்னி செஷையரும் பால் கெர்ஸ்வில்லும் கிழக்கு லண்டனின் ஹாக்னியில் கண்டது இன்னும் சுவையானது: வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பெரிதும் நண்பர்களிடமே கற்கிறார்கள், லண்டனின் புதிய பேச்சே அங்கிருந்துதான் பிறக்கிறது. கெடுப்பவன் என்று நாம் சொன்னவன் இங்கே வாத்தியாராகிவிடுகிறான்.

இவற்றில் எதுவும் தமிழ்ப் பிள்ளையை நடுவில் வைக்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பின் பெருகி வந்த ஈழத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய குறை. கூட்டாளியின் இழுப்பு நம் பிள்ளைகளிடமும் உண்டு: ஈழப் போரை நிறுத்தக் கோரி 2009 ஏப்ரலில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தை நிறைத்த தமிழர்களில் மாணவர்கள் கணிசமானோர். கூட்டாளி கூப்பிட்டுப் போன பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அன்று அந்த இழுப்பைக் கெடுதல் என்று சொன்ன வீடுகள் குறைவு. ஆக, நமக்குப் பிடித்த இடத்துக்கு இழுத்தால் அது இன உணர்வு, பிடிக்காத இடத்துக்கு இழுத்தால் கெட்ட சகவாசம்!

இன்னொன்றையும் யாராவது அளக்க வேண்டும். இன்ன வீட்டுப் பிள்ளைக்கு நுழைவுத்தேர்வு வைக்கும் கிராமர் ஸ்கூல் கிடைத்துவிட்டது, இன்னாருக்கு அரங்கேற்றம் முடிந்துவிட்டது, நாங்கள் விட்டால் சனம் என்ன சொல்லும் என்று தவிக்கும் தாய்தகப்பனையும் அமுக்குவது அவர்களுடைய கூட்டாளிகள்தானே? பிள்ளையின் அடையாளத் தேடல் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் நடக்கிறது.

சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்துவோர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். கேள்வித்தாளில் பெற்றோருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.