‘மீண்டும் முயற்சிக்கவும்’: மூன்று வரிகள் மீது ஒரு வாசிப்பு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பின் தயங்கியபடி என்னிடம் வந்தாள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். செயலியில் அவளால் பதிவு செய்ய முடியவில்லை. திரையில் வந்த வரிகளை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். ‘தவறான பெயர்.’ ‘இந்த எண் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது.’ ‘மீண்டும் முயற்சிக்கவும்.’ அவற்றின் கீழே பென்சிலில், ‘என் தப்பு என்னன்னு தெரியல மேடம்.’

பிரதியை வாசிக்கக் கற்றுத்தருவது என் வேலை. அந்த மூன்று வரிகளையும் அன்றிலிருந்து பிரதியாகவே வாசித்து வருகிறேன்.

முதல் வரியில் ‘தவறான’ என்னும் அடை பெயரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்து மட்டுமே உண்டு. ‘கடைசிப் பெயர்’ கட்டத்துக்கு ஓரெழுத்து போதவில்லை. குறை கட்டத்தில் இருக்க, பழி பெயருக்குப் போகிறது. திருமணமான பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். ஓர் அட்டையில் அப்பாவின் முதலெழுத்து, இன்னொன்றில் கணவரின் முதலெழுத்து. ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வந்துவிடும். இரண்டு முதலெழுத்துகளையும் அவள் தேர்ந்தெடுக்கவில்லை.

தமிழில் தட்டச்சு செய்தால் வேறொரு வாசல் மூடும். யூனிகோடு நம் புள்ளியையும் கால், கொம்பு முதலியவற்றையும் ‘எழுத்து’ வகையில் சேர்க்காமல் ‘குறி’ வகையில் வைத்திருக்கிறது. ‘எழுத்துகளை மட்டும் ஏற்றுக்கொள்’ என்று சோதனை எழுதிய செயலியில் ‘கமல’ தேறும், ‘கமலா’ தேறாது. தொல்காப்பியம் நடத்துகிறவளுக்கு இதைக் கண்டு சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவது வரி. அந்த வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அப்பாவுடையது. அதே எண்ணில் அண்ணன் முன்பே பதிந்துவிட்டான். ஓர் ஆளுக்கு ஓர் எண் என்று நினைத்துச் செய்யப்பட்ட செயலி, ஒரு வீட்டுக்கு ஓர் எண் என்று வாழ்கிறவர்களில் முதலில் வந்தவனை ஏற்றுக்கொண்டு அடுத்தவளைத் திருப்பி அனுப்புகிறது.

இதே வரி வேறிடத்தில் காட்டியும் கொடுக்கும். பெண்களுக்கான உதவிச் செயலி ஒன்றில் மனைவியின் எண்ணை இட்டுப் பார்க்கும் கணவனிடம், ‘ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது’ என்ற பதில் என்னவெல்லாம் சொல்லிவிடும்! பாதுகாப்பு அறிந்தவர்கள் இதனால்தான் உள்நுழையும்போது ‘பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு’ என்று மட்டும் காட்டச் சொல்கிறார்கள். எது தவறு என்று காட்டுவதில்லை. கடவுச்சொல்லை மறந்தவருக்கும், ‘இந்த எண்ணில் கணக்கு இருந்தால் குறுஞ்செய்தி வரும்’ என்றே பதில் தர வேண்டும் என்கிறார்கள். இந்த மழுப்பலை அலட்சியம் என்று நான் பல காலம் திட்டியிருக்கிறேன். அது ஒரு மறைப்பு என்பது பின்னரே புரிந்தது. ஆனால் குறுஞ்செய்தி வரும் கைப்பேசியே கணவன் கையில் இருந்தால் அந்த மறைப்பும் கிழிந்துவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல் என்று நான் கேட்கவில்லை. கட்டத்தில் எத்தனை எழுத்து வேண்டும் என்பதைச் சொல். அவளுக்குக் கணக்கு இருக்கிறதா என்பதை அடுத்தவரிடம் சொல்லாதே. நடைமுறையில் இது பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது.

மூன்றாவது வரிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. எது நடந்தது என்பதைச் சேவையகம் செயலிக்கு ஓர் எண்ணாகச் சொல்லி அனுப்புகிறது. 401 என்றால் நீ யாரென்று உறுதியாகவில்லை. 403 என்றால் உனக்கு இங்கே அனுமதியில்லை. 400களில் வருபவை கேட்டவர் பக்கத்துப் பிழைகள். 500களில் வருபவை சேவையகத்தின் சொந்தப் பிழைகள். செயலி இவை அனைத்தையும் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்ற ஒரே ஏவலுக்குள் மூடிவிடுகிறது. பிழை செய்தவர் தோன்றா எழுவாயாகிவிட, முயல வேண்டியவள் மட்டும் மிஞ்சுகிறாள். கடைசி நாள் நெரிசலில் சேவையகமே படுத்துக் கிடந்திருக்கலாம். அவள் பதினோரு முறை தன் பெயரைத் திருத்தித் திருத்தி இட்டிருக்கிறாள். எது நடந்தாலும் முதலில் தன்னைச் சந்தேகிக்கும்படி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, அந்த வரி பழகிய குரலாகவே கேட்டிருக்கும்.

அன்றிரவு என் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தோம். தப்பித்தோம் என்று மகிழ்ந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்காக அவள் என்னை அழைக்க வேண்டியிருக்கிறது. நான் வகுப்பில் இருந்தால் காத்திருக்கிறாள். அவள் கணக்கின் வாசலில் அப்பாவுக்குப் பதில் இப்போது நான் நிற்கிறேன்.

இந்த வரிகளை இப்போது வகுப்பில் பயிற்சியாகத் தருகிறேன்: எழுவாயைக் கண்டுபிடித்து வாக்கியத்தைத் திருத்தி எழுதுக. சென்ற பருவத்தில் ஒருத்தி எழுதியது: ‘எங்கள் சேவையகம் இப்போது இயங்கவில்லை. நீங்கள் தந்த விவரங்களில் பிழை இல்லை. அவற்றைச் சேமித்து வைத்திருக்கிறோம்.’ முழு மதிப்பெண் போட்டேன்.