ஊதா விளக்கா, மஞ்சள் அட்டையா?

யூஎஸ்பி ஒயரில் ஓடும் ஊதா விளக்குப் பூச்சிப் பொறி, பத்து அட்டை கொண்ட மஞ்சள் பசை அட்டைக் கட்டு. இரண்டையும் கண்ணமங்கலத்தில் தறி ஓடும் ஒரு வீட்டின் பூந்தொட்டிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். திண்ணையில் கனகாம்பரமும் ரோஜாவும், மாடியில் செம்பருத்தி.

தொல்லை இரண்டு வகை. செம்பருத்தியை உலுக்கினால் மாவு தூவியது போலக் கிளம்பும் வெள்ளை ஈ ஒன்று. தொட்டி மண்ணை விட்டு அதிகம் நகராமல் தள்ளாடிப் பறக்கும் கறுப்புக் குட்டி இன்னொன்று. இதைக் கொசு என்று நினைத்து பேட்டைச் சுழற்றுகிறவர்கள் அதிகம். இது கடிக்காது. ஃபங்கஸ் நேட் என்பார்கள். இதன் புழு ஈர மண்ணில் பூஞ்சையையும் இளம் வேரையும் தின்கிறது.

ஊதா விளக்கு பார்க்க அழகு. விசிறிச் சத்தமும் தறிச் சத்தத்தில் கேட்கவே இல்லை. ஆனால் வெள்ளை ஈ பகலில் பறப்பது. விளக்கு வேலை செய்வதோ இருட்டில். தட்டைத் திறந்தால் அந்துப்பூச்சியும் சின்ன வண்டுகளும்தான். மழை விட்ட மாலையில் ஈசலை வீட்டுக்குள் வரவேற்றதும் இதே விளக்கு. தறியில் பாவு பூட்டியிருக்கும் வீட்டில் அது யாருக்கு வேண்டும்? அமெரிக்காவின் டெலவேரில் இத்தகைய விளக்குப் பொறிகளில் செத்தவற்றை எண்ணி 1996-இல் வெளியிட்டார்கள்: 13,789 பூச்சிகளில் மனிதரைக் கடிப்பவை வெறும் 31. மற்றவற்றில் நமக்கு உதவுகிற பூச்சிகளும் ஏராளம்.

மஞ்சள் அட்டை மலிவு, கரண்ட் வேண்டாம், பகலிலும் பிடிக்கும். செடியின் உச்சிக்குச் சற்று மேலே வெள்ளை ஈக்கு, மண்ணை ஒட்டிக் கறுப்புக் குட்டிக்கு என்று இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே ஒட்டின. பழைய தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினாலும் இதே வேலை நடக்கும். பருத்திக்காரர்கள் வெகுகாலமாகச் செய்வதுதான். ஆனால் நெசவு வீட்டில் ஒரு கண்டிப்பு: அட்டை மாடியோடு நிற்கட்டும். அந்தப் பசை காயவே காயாது, தண்ணீரில் போகாது. திண்ணையில் காற்றடித்து அட்டை பறந்து பட்டு இழையில் ஒட்டினால் அட்டைக் கட்டின் விலையைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. பல்லியும் தேனீயும் ஒட்டிக்கொள்வது இன்னொரு குறை.

அட்டை நிறையப் பிடிக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. அது பிடிப்பது வளர்ந்த பூச்சியை. கறுப்புக் குட்டியின் அடுத்த தலைமுறை மேல்மண்ணின் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கிறது. எத்தனை ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் தொல்லை கூடுகிறதா, குறைகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அட்டை. தேங்காய் நார்த்தூள் கலந்த தொட்டிக்கு மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினால் பாதி வேலை முடிந்தது. வெள்ளை ஈக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி, சாயங்காலம் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிக்கலாம், தறிப்பக்கம் தெறிக்காமல்.

மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்கு என் ஓட்டு பிடிஐ என்ற பாக்டீரியா மருந்துக்கு. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. கொசுப் புழுவை ஒழிக்கப் புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் சொந்தமாக ஒரு ரகம் வைத்திருக்கிறது. தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் புழு தின்று சாகும். முட்டையையும் பறக்கிற பூச்சியையும் தொடாது என்பதால் வாரம் ஒருமுறை என்று சில வாரம் தொடர வேண்டும்.

வாங்கும்போது லேபிளில் இஸ்ரேலென்சிஸ் என்று இருக்கிறதா பாருங்கள்; பிடிஐ-யில் உள்ள ஐ அதுதான், பிடியின் ஒரு ரகம். பிடி என்ற பாக்டீரியாவையே ஜப்பானில் இஷிவாதா 1901-இல் கண்டது செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். குர்ஸ்டாகி என்ற அதன் இன்னொரு ரகம் கம்பளிப்புழு வகைகளைக் கொல்வது. பட்டுப்புழுவும் அந்த வகைதான். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும், மல்பெரி வைத்திருப்பவர்கள் குர்ஸ்டாகி டப்பாவை வாங்க வேண்டாம்.