கேள்வி கேட்கிற பெண் ஏன் சாக வேண்டும்?

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெண்கள் பள்ளியொன்றில், நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்து தரும்படி என்னைக் கேட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண்களுக்கு. பழைய மாணவிகள் சேர்த்துக் கொடுத்த பணம், 15,000 ரூபாய். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள், பெண்ணியக் கூட்டங்களில் பேசுகிறவள் என்பதால் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். இரண்டே இரவில் பட்டியல் தயார். இரா. நடராசனின் 'ஆயிஷா', ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, அம்பையின் சிறுகதைகள், ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' சுருக்கப் பதிப்பு, மகாசுவேதா தேவியின் மொய்னா கதை, 'டோட்டோ-சான்', இன்னும் சில.

மூன்று மாதம் கழித்துப் போனபோது எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி 'ஆயிஷா'வைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: “நீங்க வாங்கிக் குடுத்த புக்ல எல்லாம் கேள்வி கேக்குற பொண்ணு செத்துப்போயிடுது. ஏன் மிஸ்?”

“எல்லாத்துலயுமா?” என்றேன்.

“நான் படிச்ச மூணுலயும்.”

வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்துவைத்து எண்ணிப் பார்த்தேன். ஆயிஷா சாகிறாள். ஆன் ஃபிராங்க் சாகிறாள். 'லிட்டில் விமன்' சகோதரிகளில் சாதுவான பெத் சாகிறாள். கேள்வி கேட்கிற ஜோ சாகவில்லை, கல்யாணம் செய்து வைக்கப்படுகிறாள். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில் தலைப்பிலேயே கொலை இருக்கிறது. நல்ல புத்தகங்கள் என்று நான் நம்பித் தேர்ந்த அலமாரி, ஒரு சிறுமியின் கண்ணுக்கு இடுகாடாகத் தெரிந்திருக்கிறது.

'ஆயிஷா'வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த நூல். அறிவியல் ஆசிரியை ஒருத்தி தன் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த கதை. காந்தத்தைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு மாணவி. கேட்டதற்காகவே மற்ற ஆசிரியைகளிடம் அடி வாங்குகிறவள். அடி வலிக்காமலிருக்க மருந்தொன்றைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். அதைப் படித்துவிட்டுப் பிரம்பைக் கீழே போட்ட ஆசிரியர்களை எனக்கு நேரடியாகத் தெரியும். முதல்முறை படித்தபோது நானும் அழுதேன். ஆனால் அந்த மரணத்தால் பயன் பெறுவது யார்? கதை சொல்லும் ஆசிரியை. அவள் மாறுகிறாள், நூல் எழுதுகிறாள், அதைச் செத்துப்போனவளின் நினைவுக்குத் தருகிறாள். இது ஆசிரியர்களை நோக்கி எழுதப்பட்ட நூல். அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. அதை எடுத்துப் பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையில் கொடுத்தது எழுதியவரின் பிழையில்லை, என் பிழை. அவளுக்கு அது சொல்வது வேறு: கெட்டிக்காரப் பெண்ணை உயிரோடிருக்கும்போது அடிப்பார்கள், செத்த பிறகு கொண்டாடுவார்கள்.

அம்பையின் கதையும் இப்படித்தான். முதல் முறையாக உதிரம் கண்டு மிரண்ட சிறுமி, ஊருக்குப் போயிருக்கும் அம்மா வந்து அழகாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிறாள். உறவுக்காரப் பெண்ணைக் கறுப்பு என்று வரன் தட்டிக் கழித்துவிட்ட வெறுப்போடு திரும்பும் அம்மா, ஒரே வாக்கியத்தில் அவளைக் கொன்றுபோடுகிறாள். தமிழில் இதைவிடச் சிறந்த கதைகள் அதிகமில்லை. ஆனால் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொடுத்ததற்குப் பதிலாக அவளுடைய அம்மாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆன் ஃபிராங்கின் மரணம் வரலாறு. அதைக் கதாசிரியர் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்துக்குப் பெரியவர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும். 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பு அது. 1947இல் அச்சேறியபோது, அவள் தன் உடம்பைப் பற்றி எழுதியவையும் அம்மாவைத் திட்டி எழுதியவையும் கணிசமாக வெட்டப்பட்டிருந்தன. 1991இல் வந்த விரிவான பதிப்பில்தான் அவற்றில் பெரும்பகுதி திரும்பச் சேர்ந்தது. ஒளிந்திருந்த அறையின் சுவரில் சினிமா நட்சத்திரங்களின் படம் ஒட்டியவள், மாடியில் பீட்டரிடம் முத்தம் வாங்கியவள், யாரைப் பற்றியும் குறும்பாக எழுதக்கூடியவள் அவள். நாமோ அவளை அஞ்சலி செலுத்தும் முகத்தோடுதான் பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்துகிறோம். சிரிக்கிற ஆன், பட்டியல் போடுகிறவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

பயன் என்ற சொல்லில்தான் சிக்கல் இருப்பதாக இப்போது நினைக்கிறேன். தமிழ்க் குழந்தை முதலில் மனப்பாடம் செய்யும் ஆத்திசூடி முழுக்க ஏவல் வினைகளால் ஆனது: இதைச் செய், அதைச் செய்யாதே. அதில் பெண் பேச்சைக் கேட்காதே என்று பொருள்படும் ஓர் அடியும் உண்டு. அதைச் சொல்வதாக நம்பப்படுகிறவரும் ஔவை என்ற பெண்தான் என்பதை வகுப்பில் சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். பாரதி புதிய ஆத்திசூடியில் அந்தக் கருத்தைத் தலைகீழாக்கினார், பெண்ணை உயர்த்தச் சொன்னார். நல்லது. ஆனால் அங்கும் வினை ஏவலாகவே நின்றது. நான் போட்ட பெண்ணியப் பட்டியலும் அதே இலக்கணத்தில்தான் இருந்தது. பயப்படாதே, கேள் கேள், துணிந்து நில். அடங்கியிரு என்று ஏவுகிற பாட்டிக்கும், அடங்காதே என்று ஏவுகிற எனக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, சும்மா கொஞ்ச நேரம் படித்துச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் மொழியில் 'படிப்பு' என்ற சொல் விசித்திரமானது. “அவ படிக்கிறா” என்றால் பாடம், அப்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். “கதப் புத்தகம் படிக்கிறா” என்றால் அது புகார். அடுத்த நிமிடம் தண்ணீர் பிடிக்கவோ தேங்காய் துருவவோ குரல் வரும். அண்ணனோ தம்பியோ தெருவில் பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது இவளுக்குக் கிடைக்கும் ஓய்வுகூட ஏதோ ஒன்றுக்கு உதவியாக வேண்டும். நீதியுள்ள புத்தகம் அனுமதிக்கப்படுவது அதனால்தான். இன்பத்துக்காக வாசிக்கிற சிறுமி, அந்த அரைமணி நேரம் யாருக்கும் உதவாமல் இருக்கிறாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது வளர்ந்த பெண்களுக்குத் தெரியும்.

நான் எப்படி வாசகியானேன் என்று நேர்மையாக நினைத்துப் பார்த்தேன். என் பட்டியலில் இருந்த ஒரு புத்தகத்தாலும் இல்லை. அண்ணன் சேர்த்துவைத்திருந்த லயன் காமிக்ஸ். 1984இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த அதன் முதல் இதழின் நாயகி ஒரு பெண், மாடஸ்டி பிளைஸி. அதே ஆண்டு தொடங்கிய ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. மாடஸ்டியை ஆண்கள் ஆண்களுக்காக வரைந்தார்கள் என்பது பின்னாளில் புரிந்தது. ஆனால் ஒன்பது வயதில் நான் பார்த்தது, ஒரு பெண் அடிக்கிறாள், அடி வாங்குகிறாள், கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாள், அடுத்த இதழிலும் வருவாள் என்பதை.

பிறகு ரமணிசந்திரன். வாடகைக்குக் கிடைத்த நாவல்களை இயற்பியல் நோட்டுக்குள் வைத்து எத்தனை படித்தேன் என்று கணக்கில்லை. முனைவர் பட்டம் பெற்ற பிறகு நெடுங்காலம் இதை வெளியில் சொன்னதில்லை. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் 'ரீடிங் தி ரொமான்ஸ்' நூலுக்காகக் காதல் நாவல் வாசகிகளைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். கதையைப் போலவே, புத்தகத்தோடு உட்காரும் அந்த நேரமும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. வீட்டில் யாரும் தங்களைத் தொடக் கூடாத நேரம். அதே கதைகள் அவர்களைப் பழைய ஏற்பாட்டுக்கே சமாதானப்படுத்தி அனுப்பின என்பதையும் அவர் மறைக்கவில்லை. என் அனுபவமும் இரண்டும் சேர்ந்ததுதான். நாயகனின் சந்தேகத்தையும் கடுஞ்சொல்லையும் அன்பு என்று படிக்கப் பழகியதில் எனக்குச் சேதம் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஆனால் அந்த நாவல்களை என்னிடமிருந்து பிடுங்கியிருந்தால் நான் அம்பையிடம் வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.

மீதியிருந்த பணத்தை வைத்து, இந்த முறை பதினெட்டுப் பெண்களைப் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு 200 ரூபாய், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பேய்க் கதைகள், விடுகதைத் தொகுப்பு, மருதாணி டிசைன் புத்தகம், கோலப் புத்தகம், இரண்டு ரமணிசந்திரன். நான்கு பேர் காசைச் சேர்த்துப் 'பொன்னியின் செல்வன்' மலிவுப் பதிப்பு வாங்கினார்கள், படம் பார்த்திருந்தார்கள். தலைமையாசிரியை பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அறிவ வளக்குற மாதிரி எதாவது வாங்கியிருக்கலாமே மேடம்” என்றார். மருதாணிப் புத்தகம் மட்டும் நூலகப் பதிவேட்டில் ஏறவில்லை. ஓவிய வகுப்புக்கு என்று எழுதி ஏற்றலாம் என்றேன், அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

பொன்னியின் செல்வனை வாங்கியவர்களுக்கு வேண்டியது பூங்குழலி. கோடிக்கரையில் நடு இரவில் தனியாகப் படகு வலிக்கிறவள். ஐந்து பாகத்தையும் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. பூங்குழலி வரும் பக்கங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். கடைசியில் கல்கி அவளைச் சேந்தன் அமுதனுக்கு மணம் முடித்து அரண்மனைக்கு அனுப்பிவிடுகிறார் என்று சொன்னபோது ஒருத்தி, “அப்ப படகு?” என்று கேட்டாள். ஜோவை மணக்கோலத்தில் பார்க்கவேண்டும் என்று ஆல்காட்டுக்கு எழுதிய வாசகிகளும் இருந்தார்கள். அவர் தானே மணம் செய்துகொள்ளாதவர், 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் வேண்டாவெறுப்பாக ஒரு பேராசிரியரைப் பிடித்துக் கொடுத்தார். படகு எங்கே என்று கேட்க ஒருத்தி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ரமணிசந்திரனைப் படித்தவர்களிடம், “இவன் உன்கிட்ட இப்படிப் பேசினா என்ன பண்ணுவ?” என்று கேட்டேன். “போடான்னுட்டுப் போயிடுவேன் மிஸ்” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண். “ஆனா கதைல போகக் கூடாது. போயிட்டா அந்தப் பக்கத்தோட கதை முடிஞ்சிடும்ல.” நான் முப்பது வயதில் கண்டுபிடித்ததை இவள் பதினான்கில் தெரிந்துவைத்திருக்கிறாள். எல்லோருக்கும் இப்படித் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கூட உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி.

என் பழைய பட்டியலில் தப்பிப் பிழைத்தது 'டோட்டோ-சான்'. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி தன் சிறுவயதைப் பற்றி 1981இல் வெளியிட்ட நூல். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்தது. நம் ஊரில் அதை மாற்றுக் கல்வி நூலாகவே பேசுகிறோம்: ரயில் பெட்டி வகுப்பறை, நான்கு மணி நேரம் ஒரு குழந்தையின் பேச்சைக் கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷி. பெண்கள் என்னிடம் திரும்பச் சொன்னது வேறொரு இடம். பணப்பை கழிவறைக்குள் விழுந்துவிட, டோட்டோ-சான் பெரிய கரண்டியால் மலத்தொட்டியை அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்தப் பக்கம் வரும் தலைமையாசிரியர் திட்டவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். பை கிடைக்கவில்லை, ஆனால் அவள் திருப்தியோடு அள்ளியதை உள்ளே போடுகிறாள். இதைச் சொல்லும்போது அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு பெண் குழந்தை உடம்பெல்லாம் நாறிக்கொண்டு நிற்கிறாள், யாரும் அவளைப் பெண்ணா நீ என்று கேட்கவில்லை. சபர் பழங்குடிச் சிறுமி மொய்னாவும் பிழைத்திருக்கிறாள்தான். மீந்த சோற்றுக்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் கேட்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அவளும் கடைசியில் வளர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரப் போய்விடுகிறாள். கேள்வி கேட்டவளை உடனே ஒரு வேலையில் அமர்த்திவிட வேண்டும் நமக்கு.

போன மாதம் புத்தகமே எடுத்துப் போகவில்லை. ஏ.கே. ராமானுஜன் தொகுத்திருக்கும் நாட்டுப்புறக் கதைகளில் ஒரு தமிழ்க் கதையை வாயால் சொன்னேன். மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத கிழவி ஒருத்தி நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறாள். ஒருநாள் பாழடைந்த வீடொன்றில் நின்று, ஒவ்வொரு சுவரிடமாகத் தன் குறையைச் சொல்கிறாள். கேட்கக் கேட்கச் சுவர் இடிந்து விழுகிறது, இவள் உடம்பு இளைக்கிறது. நான்கு சுவரும் விழுந்த பிறகு லேசாகி நிற்கிறாள். கதை அவ்வளவுதான், யாரும் திருந்தவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு, முதலில் என்னிடம் கேள்வி கேட்ட அதே பெண் கேட்டாள்: “அது யாரோட வீடு மிஸ்? அவங்க வந்து சண்டைக்கு நிக்க மாட்டாங்களா?” அதிலிருந்து அவளே அடுத்த கதையை ஆரம்பித்தாள். மணி அடித்துவிட்டதால் வீட்டுக்காரர் வந்து சேர்ந்த இடத்தில் நிற்கிறது.