டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்

இருட்டில் ஒளிரும் செடி என்று பேச்செடுத்தால் கள்ளக்குறிச்சிப் பக்கம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "அது கிராபிக்ஸ்ங்க." "ரேடியம் தடவியிருப்பான்." "வீட்டுல வச்சா கேன்சர் வரும்." ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய நாற்பது வருட உழைப்பில் ஒரு தொட்டிச் செடி தானாக ஒளிரத் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்கப் பொறுமையில்லாதவர்கள், மாலில் ஊதா விளக்குக்குக் கீழே வைத்த பிளாஸ்டிக் செடி முன்னால் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். 1986-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மின்மினிப் பூச்சியின் மரபணுவைப் புகையிலைக்குள் வைத்தார்கள். செடி ஒளிர்ந்தது, ஆனால் அதற்கான வேதிப்பொருளை வெளியிலிருந்து ஊற்றியாக வேண்டும். 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு குழு, ஒளிரும் செடியின் விதை தருகிறோம் என்று சுமார் 4.84 லட்சம் டாலர் திரட்டியது. 2017-ல் காசு தீர்ந்து கைவிரித்தது. 2020-ல் வேறொரு வழி திறந்தது: 'நியோனோதோபானஸ் நம்பி' என்னும் ஒளிரும் காளானின் மரபணுக்களைச் சேர்த்த புகையிலை, எதையும் ஊற்றாமலே ஒளிர்ந்தது. அந்த வழியில் வந்ததுதான் லைட் பயோ நிறுவனத்தின் 'ஃபயர்ஃபிளை பெட்டூனியா'. அமெரிக்க வேளாண் துறை 2023 செப்டம்பரில் பச்சைக்கொடி காட்ட, 2024-ல் 29 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் தலைவர் கீத் வுட், 1986-ன் புகையிலை ஆய்விலும் இருந்தவர்.

இதெல்லாம் வரலாறு. ரசிக்க வேண்டுமானால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஒளிர்வதெல்லாம் ஒரே சாதி கிடையாது.

முதல் வகை, வெளிச்சம் காட்டினால் மட்டும் மினுங்குவது. முருங்கைக்கீரையை ஸ்பிரிட்டில் அரைத்து வடித்துப் புறஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பச்சைச் சாறு சிவப்பாக மினுங்கும். பச்சையத்தின் குணம் அது. விளக்கை அணைத்தால் அதுவும் போச்சு.

இரண்டாவது வகைதான் இன்று எல்லோரையும் ஏமாற்றுவது. 2025 ஆகஸ்டில் தென் சீன வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'மெபினா' என்ற எக்கெவேரியாச் செடியின் சதைப்பற்றான இலைகளுக்குள் ஒளிதேக்கும் துகள்களை ஊசியால் செலுத்தினார்கள். சில நிமிடம் வெயிலில் வைத்தால் இரண்டு மணி நேரம் வரை ஒளிரும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறங்களும் உண்டு. 56 செடிகளைச் சுவராக அடுக்கி, அந்த வெளிச்சத்தில் எழுத்துகளைப் படித்தும் காட்டினார்கள். பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. கெட்டிக்காரத்தனமான வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கூரையில் ஒட்டும் பிளாஸ்டிக் நட்சத்திரத்துக்கும் அதற்கும் உள்ள உறவு, பெட்டூனியாவோடு உள்ள உறவைவிட நெருக்கமானது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்தது போல, முதல் பத்து நிமிடம் ஜொலிப்பு, பிறகு இறங்குமுகம். இலை வெறும் உறை. உள்ளே செடிக்குப் பசியா நோயா என்று அந்த ஒளிக்குத் தெரியாது.

மூன்றாவது வகைக்குத் தெரியும். செடி தன் தண்டுக்கு உறுதி தரும் பொருளைச் செய்வதற்காக வைத்திருக்கும் காஃபிக் அமிலத்திலிருந்தே இந்த ஒளி பிறக்கிறது. எரிந்த மிச்சம் மறுபடி காஃபிக் அமிலமாகிச் சுழற்சிக்குள் திரும்புகிறது. அதனால் உயிரோடு இருக்கும்வரை இரவும் பகலும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். பகலில் நமக்குத் தெரிவதில்லை. இளந்தளிர் முதிர்ந்த இலையைவிடப் பிரகாசம். மொட்டும் புதுப்பூவும் அதைவிடப் பிரகாசம். இலையைக் காயப்படுத்தினால் அந்த இடம் கூடுதலாக ஒளிரும். 2020-ன் புகையிலைச் செடிக்குப் பக்கத்தில் பழுத்த வாழைப்பழத் தோலை வைத்தபோது, அது விடும் எத்திலீன் வாயுவுக்கே செடி பளிச்சென்று பதில் சொன்னது. வாழைத்தோலுக்குப் பதில் சொல்லும் செடியை விட்டுவிட்டு "இதில் புத்தகம் படிக்க முடியுமா?" என்று கேட்கும் விமர்சகர்களை என்ன செய்வது? படிக்கத்தான் பன்னிரண்டு ரூபாய் மெழுகுவத்தி இருக்கிறதே.

சந்தேகம் வந்தால் சோதனை எளிது. முந்தின இரவு இருட்டறையில் வைத்த செடியை விடியற்காலை நான்கு மணிக்குப் பாருங்கள். தேக்கிய ஒளி எப்போதோ அணைந்திருக்கும். சொந்த ஒளி அங்கேயே இருக்கும்.

காதோடு ஒன்று. முதல்முறை பார்ப்பவர்களில் பலர் ஏமாந்துதான் போகிறார்கள். குற்றம் செடியுடையது அல்ல. கேமராவை நெடுநேரம் திறந்துவைத்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வருவதுதான் காரணம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். இடையில் ஒருதடவை வாட்ஸ்அப் பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நேராக முறைத்துப் பார்க்கவும் கூடாது. மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை, அதனால் ஓரக்கண்ணால் பார்த்தால்தான் தெளியும்.

அந்த இருட்டு கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் கிடைக்காது. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் தங்கினால் கிடைக்கும். மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் படம்பிடித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கி ஓடும் கூட்டம், மலை வைத்திருக்கும் நல்ல சரக்கைப் பார்ப்பதே இல்லை. காட்டுக்குள் போக வேண்டாம். தங்குமிடத்து வாசலில் டார்ச் இல்லாமல் அரை மணி உட்கார்ந்தால் போதும். மழை பெய்து ஓய்ந்த இரவில் மின்மினி வந்தால், 1986-ன் புகையிலைக்குள் வைத்த வேதியியல் அதுதான் என்று நினைத்துக்கொள்ளலாம். நிலவிருந்தால் நந்தியாவட்டை வெளுத்துத் தெரியும். அது நிலாவின் வெளிச்சம், நம் கணக்கில் சேராது.

சித்தர் மலைக் கதைகளில் வரும் சோதிப்புல்லும் சோதி விருட்சமும்? தானாக ஒளிரும் நிலத்தாவரம் எதுவும் இயற்கையில் இதுவரை அறியப்படவில்லை. காளான்கள் ஒளிரும். 2020-ல் மேகாலயாவில் பட்ட மூங்கிலில் வளரும் ஒரு புதிய இனத்தை விவரித்தார்கள்; அதில் காம்பு மட்டும்தான் ஒளிர்கிறது. மட்கிய மரத்தில் படர்ந்த இப்படியொரு காளானை யாரோ பார்த்ததுதான் அந்தக் கதையாகியிருக்க வாய்ப்புண்டு.

பெட்டூனியாவை இங்கே வாங்கலாமா என்றால், முடியாது. 1989-ம் ஆண்டு விதிகளின்படி மரபணு மாற்றிய செடியை இறக்குமதி செய்ய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்க வேண்டும். ஆகவே இணையத்தில் 'இருட்டில் ஒளிரும் ரோஜா விதை' என்று யாராவது விற்றால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். அப்படியொரு விதை எந்த நாட்டிலும் விற்பனையில் இல்லை.