துணை இருந்தால் வீடு வேண்டாமா?

இங்கிலாந்தில் வீடிழந்த எல்லோருக்கும் உள்ளாட்சி மன்றம் வீடு கொடுத்துவிடாது. 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, முன்னுரிமை யாருக்கு என்று வரையறுக்கிறது. மாற்றுத்திறனாளி என்பது மட்டும் போதாது. அந்த ஊனத்தால் நலிந்தவர் என்றும் நிறுவ வேண்டும்.

யாரோடு ஒப்பிட்டு நலிவு? பல ஆண்டுகள், 'சாதாரண வீடற்றவரோடு' என்றே பதில் வந்தது. தெருவில் கிடப்பவர்களில் பலருக்கும் மனநோயும் போதைப் பழக்கமும் உண்டு என்று புள்ளிவிவரம் காட்டி மன்றங்கள் விண்ணப்பங்களைத் தள்ளின. துயரம் பரவலாக இருப்பதே உதவியை மறுக்கக் காரணமானது. இதைவிடக் கொடிய தர்க்கம் வேறில்லை.

2015 மே 13 அன்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. சாதாரண மனிதர் ஒருவர் வீடிழந்தால் எப்படி இருப்பாரோ, அவரோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார் நீதிபதி நியூபெர்கர் பிரபு. மாற்றுத்திறனாளிகளின் தேவையை மன்றங்கள் கருத வேண்டும் என்ற சமத்துவச் சட்டக் கடமையைச் சடங்குக்காக அல்லாமல் ஊன்றிக் கவனிக்கவும் சொன்னார். இவை பெரிய திருத்தங்கள், ஐயமில்லை.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு கதவு அடைபட்டது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் கற்றல் குறைபாடு உள்ளவர். குளிக்கவும் உடை மாற்றவும் நினைவூட்டுவது முதல் சாப்பாடு, துணி துவைப்பு, பணம், மருத்துவரைப் பார்ப்பது வரை எல்லாம் உடன்பிறந்தவர் பொறுப்பு. அந்தத் துணை தெருவிலும் தொடரும் என்பதால் அவர் நலிந்தவர் ஆகமாட்டார் என்று சதர்க் உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்றனர். இந்த ஒன்றில் ஹேல் சீமாட்டி மட்டும் மாறுபட்டார்.

அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. நலிந்தவரோடு வசிப்பவருக்கும் முன்னுரிமை உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. குடும்பம் சேர்ந்தே வாழ வழிசெய்த சட்டம், குடும்பத்தின் பராமரிப்பையே எதிர்ச்சாட்சியாக்கச் சொல்லியிருக்குமா? குளிக்க நினைவூட்ட ஆள் இருக்கலாம்; குளிக்க இடம்?

ஸ்காட்லாந்து 2012 இறுதியில் இந்த முன்னுரிமைச் சோதனையையே நீக்கிவிட்டது. அதனால் வீடுகள் முளைத்துவிடவில்லை. 2024 மே மாதம் அங்கே வீட்டுவசதி நெருக்கடி அறிவிக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் அங்கே ஒருவர் தன் ஊனத்தை எடைபோட்டுக் காட்டித்தான் கூரை கேட்க வேண்டும் என்ற நிலை இல்லை. ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றமும் இங்கிலாந்தில் இந்தச் சோதனையை நீக்க வேண்டும். அதுவரை, குடும்பத்தின் துணையைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.