ஒற்றைக் கம்புக் கூடாரம்

பனிமலைப் பயணிகளின் பையில் எனக்கு மிகப் பிடித்தது பிரமிடு கூடாரம். பகலெல்லாம் ஊன்றிவந்த கைக்கம்பே இரவில் நடுத்தூண். தரைவிரிப்பு இல்லாத வகை 500 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. நான்கு பக்கமும் சரிவு என்பதால் பனி பெரும்பாலும் தங்காமல் வழுக்கி இறங்கிவிடும். என்ன அழகான எளிமை!

துணியில்தான் சூட்சுமம். சிலிக்கான் பூசிய நைலான் நனைந்தால் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. டைனீமா இன்னும் உறுதி, இன்னும் இலேசு, விலைதான் அதிகம். அடைமழைக்கு என் தேர்வு பாலியஸ்டர்.

பொலபொலப்பான பனியில் சாதாரண முளை நிற்காது. சிறு பையில் பனியை அடைத்து, கயிறு கட்டி, குழியில் புதைத்து மிதித்துச் சற்றுப் பொறுத்தால் இறுகிவிடும். காலையில் தோண்டியெடுப்பதுதான் பாடு. உச்சியிலுள்ள காற்றுத்துளையை மட்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் மூச்சின் ஈரம் துணியில் உறைந்து, விடியலில் முகத்தில் பொடிப்பனியாக உதிரும்.