ஹில் ஸ்ட்ரீட் குருமனை

சிங்கப்பூரின் பூன் லேயில் ரயிலேறினால் வண்டி மாறாமல் சிட்டி ஹால். அங்கிருந்து கொஞ்ச தூர நடையில் ஹில் ஸ்ட்ரீட் ஆர்மீனியத் தேவாலயம். கட்டடக் கலைஞர் கோல்மன் வடிவமைத்து 1835இல் எழும்பிய அந்த வெள்ளைக் கோயிலைத்தான் எல்லாரும் படமெடுப்பார்கள். என் கண் போவது அதே வளாகத்துக் குருமனைக்கு. கணவர் ஜான் ஷனாசர் சார்க்கீஸ் நினைவாக நானாஜான் சார்க்கீஸ் 1905இல் கட்டிக்கொடுத்த மாடிவீடு அது. அது பட அஞ்சலட்டைகள் கொடிகட்டிப் பறந்த காலம்.

அந்தக் காலத்து அட்டைகளில் எந்த ஊர்த் தேவாலயமானாலும் கோபுரம் நடுவில் நிற்கும். குருமனை மரக்கிளைக்குள் பாதி ஒளிந்திருக்கும். பூதக்கண்ணாடியை நான் அங்கேதான் வைப்பேன். ஆள் குடியிருந்த வீடல்லவா! வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி. மாடியில், காற்றுக்காக யாரோ ஒருக்களித்துத் திறந்துவைத்த ஒற்றைச் சன்னல் கதவு.